யார் கற்றுக்கொடுத்த அடி?

பால்வாடியில் மூன்று வயதுப் பையன் இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான் என்று சேதி வந்தால், வீட்டில் முதலில் கிளம்புகிற கேள்வி, "இதையெல்லாம் இவன் எங்கே கற்றுக்கொண்டான்?" என்பது. மும்பையின் மாட்டுங்கா கிழக்கில், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் இதற்குத் தயாராக இருக்கும் பதில் கார்ட்டூன், கைப்பேசி, அல்லது ஸ்கூல் வேனில் கூட வரும் வேறொரு பிள்ளை. சென்ட்ரல் ரயில் பாதைக்கு மேற்கே, பெயரில் மட்டும் மாட்டுங்காவை வைத்துக்கொண்டு தாராவியோடு ஒட்டிக்கிடக்கும் லேபர் கேம்பில் கேட்டால், "கல்லி சரியில்லை, சேர்க்கை சரியில்லை" என்பார்கள். கட்டடத்துக்காரர்கள் கல்லியைக் கைகாட்டுவதும் உண்டு. இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: பிள்ளை சாதுவாகப் பிறந்தது, யாரோ வந்து அதற்கு அடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள், கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கிவிட்டன. அடிக்க எந்தப் பிள்ளைக்கும் வாத்தியார் தேவையில்லை. அடிக்காமல் இருப்பதற்குத்தான் வாத்தியார் வேண்டும். அந்தப் பாடத்தின் பெரும்பகுதி பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே, பல வீடுகளில் ஒரே அறைக்குள், நடந்து முடிந்துவிடுகிறது. இதை ஒப்புக்கொண்டால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதும், அதைவிட முக்கியமாகப் பெற்றோருக்கு மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் மாறிவிடும்.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1984இல் ரிச்சர்ட் ட்ரம்பிளே என்ற உளவியலாளரின் குழு, வசதி குறைந்த பகுதிகளின் பாலர் வகுப்புகளிலிருந்து 1,037 பையன்களைத் தேர்ந்து, அவர்கள் வாலிபராகும் வரை கவனித்தது. ஆறு வயதில் அடக்கமாக இருக்கும் பையன் பதினைந்தில் கெட்ட சகவாசத்தால் முரடனாவான் என்பதுதான் அன்றைக்குப் பலருக்கும் இருந்த எண்ணம். கிடைத்த கணக்கு வேறு. அடி, உதை, கட்டிப்புரள்வது எல்லாம் ஆறு வயதிலிருந்து பெரும்பாலோரிடம் குறைந்துகொண்டே வந்தன. நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் மட்டும் குறையாமல் நின்றன. ஆறு வரை சாதுவாக இருந்து, பிறகு திடீரென்று தீராத அடிதடிக்காரராக மாறிய கூட்டம் என்று ஒன்று அகப்படவே இல்லை. அப்படியானால் ஏறுமுகம் ஆறு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். கியூபெக் மாநிலத்தில் 572 குடும்பங்களின் குழந்தைகளை 17 மாதத்திலிருந்து 42 மாதம் வரை கணக்கெடுத்து இதே குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. 28 சதவீதக் குழந்தைகள் ஏறக்குறைய அடிப்பதே இல்லை. 58 சதவீதம் மிதமாக அடித்தன, வயது கூடக்கூடக் கொஞ்சம் கூடியது. 14 சதவீதம் அதிகமாகத் தொடங்கி மேலும் ஏறின. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் மற்றவர்களை மிக அதிகத் தடவை அடிக்கும் காலம், இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் உள்ள காலம். அந்தக் கை சின்னதாக இருப்பதால் யாரும் போலீஸுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஏன் குறைகிறது? "வளர வளரத் தானா அடங்கிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆத்திரத்தை நிறுத்திவைக்கும் வேலையைச் செய்கிற, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி மெதுவாக முதிர்கிறது. பேச்சும் வருகிறது, 19 மாத இரட்டைக் குழந்தைகளிடம் செய்த ஒரு கியூபெக் ஆய்வில், சொற்கள் குறைவாக வந்த குழந்தைகள் சற்றே அதிகமாக அடித்தன. வேண்டியதைக் கேட்க வாய் வராதபோது கை முந்துகிறது. ஆனால் 'தானா' என்பது சரியில்லை. இரண்டு வயதுக் குழந்தை தங்கையின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறது. யாரோ ஒரு பெரியவர் எழுந்து போய் அந்த விரல்களைப் பிரிக்கிறார், "வலிக்கும், விடு, வேணும்னா கேளு" என்கிறார், கேட்டால் கொடுக்கிறார். அரை மணி கழித்து மறுபடியும். நாளைக்குப் பத்துத் தடவை, மூன்று நான்கு வருடம். தானாக அடங்கியதாக நாம் நினைப்பது இந்த ஆயிரக்கணக்கான தடவைகளின் பலன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அந்த நேரத்தில் எழுந்து போவதற்கு உடம்பில் தெம்பும், கத்தாமல் சொல்வதற்கு மனதில் தெம்பும் வேண்டும். முரட்டுத்தனத்தின் ஆரம்ப அபாயங்களாக அந்த 2004 ஆய்வு கண்டவற்றைப் பாருங்கள்: குறைந்த வருமானம், மிக இளவயதில் தாயானது, பள்ளி நாட்களில் அம்மாவுக்கே இருந்த அடங்காத பழக்கங்கள், கர்ப்ப காலப் புகைப்பழக்கம், வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்னப் பிள்ளை இருப்பது, அடித்தும் அதட்டியும் வளர்ப்பது, பெற்றோருக்குள் ஓயாத சண்டை. இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. குழந்தையின் விரல்களைப் பிரிக்க எழுந்து போக வேண்டியவரை உட்கார வைத்துவிடுகின்றன.

இதற்கு மிக வலுவான சான்று ஜமைக்காவிலிருந்து வருகிறது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், 1980களின் நடுவில், ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளைச் சில பிரிவுகளாக்கினார்கள். சிலருக்குச் சத்துப்பால் மாவு கிடைத்தது. சிலர் வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் போய், டப்பாக்களாலும் துணியாலும் செய்த விளையாட்டுப் பொருட்களைக் கொண்டு குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். இரண்டு வருடம் நடந்தது இவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது தேடிப் பிடித்துக் கேட்டார்கள். பணியாளர் வந்துபோன வீட்டுப் பிள்ளைகள் சண்டைகளிலும் மோசமான வன்முறையிலும் குறைவாக ஈடுபட்டிருந்தார்கள். சத்துமாவு மட்டும் வாங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நம் ஊரில் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளுக்கு இந்த இரண்டு வேலையும் உண்டு. நடைமுறையில் எடை போடுவதும் கிச்சடி கொடுப்பதும் நடக்கின்றன. அம்மாவோடு உட்கார்ந்து பேசுவதற்கு, பதிவேடு எழுதியே களைத்துப்போகும் அங்கன்வாடி தாயிக்கு நேரமில்லை. உங்கள் கல்லியில் அங்கன்வாடி இருந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் பிள்ளையை அனுப்பாமல், வாரத்தில் ஒரு நாள் கூடப் போய் உட்காருங்கள். அவர் பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பதே உங்களுக்குக் கிடைக்கிற பயிற்சி.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் செய்வது சுருக்கமானதல்ல. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பிள்ளை அடித்தால் முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போங்கள். அடித்ததும் எல்லோர் கண்ணும் தன்மேல் திரும்புவதை அடித்த பிள்ளை பரிசாக எடுத்துக்கொள்ளும். பிறகு அதன் கையை இறுக்காமல் பிடித்து, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒரே வாக்கியம் சொல்லுங்கள். இரண்டு வயதுக்கு நீதிக்கதை புரியாது, ஒரு வாக்கியம் புரியும். அடுத்து, கைக்குப் பதிலாக ஒரு சொல்லைக் கொடுங்கள்: "எனக்குத் தா", "என் முறை", "வேண்டாம்". வீட்டில் தமிழும், பால்வாடியில் மராத்தியும், கல்லியில் இந்தியுமாக வளரும் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் மூன்று மொழியிலும் தெரிந்திருப்பது நல்லது. பொம்மையைத் திருப்பிக் கேட்க வார்த்தை இல்லாத இடத்தில்தான் அது கடிக்கிறது. அடிக்காமல் கேட்டு வாங்கிய தடவையைக் கவனித்துச் சொல்லுங்கள். அடித்த தடவையை மட்டும் பேசுகிற வீட்டில் அடிப்பதற்கே மதிப்பு ஏறும். பசி, தூக்கம் இரண்டையும் நேரத்துக்குக் கவனியுங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை பத்துக்குப் பத்து கோலியில் அடுப்பு, டிவி, தண்ணீர் பிடிப்பு, பெரிய பிள்ளையின் ஹோம்வொர்க் எல்லாம் ஒன்றாக நடக்கும்போது சின்னவன் கை ஓங்குவதில் ஆச்சரியமில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணியாவது அவனை யாராவது வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும். மாட்டுங்காகாரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் நடக்கிற தூரம். தாராவியில் திறந்தவெளி அரிது. கல்லி முனை வரை நடந்துவிட்டு வந்தாலும் போதும்.

"கார்ட்டூன் ஒன்றும் செய்யாது என்கிறீர்களா?" என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. 1961இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா, பெரியவர் ஒருவர் காற்றடித்த பொம்மையை அடிப்பதைப் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி, சில சமயம் அதே வார்த்தைகளோடு, அடித்தார்கள். பார்ப்பதைப் பிள்ளை பின்பற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் அந்தச் சோதனை காட்டியது அடிக்கும் விதத்தையும், எங்கே அடிக்கலாம் என்ற அனுமதியையும் பிள்ளை எடுத்துக்கொள்கிறது என்பதை. அடிக்கும் உந்துதல் அதற்கு முன்பே, 17 மாதத்திலேயே, இருக்கிறது. அதனால் திரையைக் குறைப்பது நல்லதுதான். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பிழை. உண்மையில் கைப்பேசியின் பெரிய கெடுதல் அதில் ஓடும் சண்டைக் காட்சி இல்லை. அடம் பிடித்த ஒவ்வொரு தடவையும் அதைக் கையில் கொடுத்து வாயை அடைப்பதால், ஆத்திரத்தோடு ஐந்து நிமிடம் இருந்து பழகும் வாய்ப்பைப் பிள்ளை இழக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் வீடுகளுக்குள்ளேயே ஆட்களை உட்காரவைத்துக் கவனித்தார். அவர் கண்ட சுற்று எல்லா வீட்டிலும் பரிச்சயமானது. அம்மா ஏதோ சொல்கிறார், பிள்ளை முரண்டு பிடிக்கிறது, அம்மா குரலை உயர்த்துகிறார், பிள்ளை கத்துகிறது, பொருளை வீசுகிறது, களைத்துப்போன அம்மா விட்டுவிடுகிறார். வீடு அமைதியாகிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா கற்றுக்கொண்டார். இன்னொரு நாள் அம்மா இன்னும் பலமாகக் கத்தி, ஒரு அடி வைத்து ஜெயிக்கிறார். அதிலும் பலம்தான் பேசியது. இதை உடைக்க ஒரே வழி, நிறைவேற்ற முடியாததைச் சொல்லாமல் இருப்பது. நாளைக்கு இருபது 'கூடாது' சொல்லிப் பதினெட்டை விட்டுக்கொடுப்பதற்கு நான்கு சொல்லி நான்கிலும் நிற்கலாம். கூட்டுக் குடும்பத்தில் இது அம்மா ஒருவர் கையில் இல்லை. "பாவம், குழந்தைதானே" என்று பாட்டி கொடுத்துவிட்டால், தாத்தா "அடிச்சா அடங்குவான்" என்றால், பிள்ளை யாரிடம் எந்த ஆயுதம் செல்லும் என்பதைத்தான் படித்துக்கொள்ளும். எந்த நான்கு விஷயம் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

அடிப்பது பற்றிய எதிர்வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. அடியாத மாடு படியாது என்பார்கள். நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், என்ன கெட்டுப்போனோம் என்பார்கள். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு, மூன்றில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருப்பதைக் கண்டது. அதாவது நாம் அடிப்பதில் குறைவைக்கவில்லை. அடி முரட்டுத்தனத்தைக் குறைக்குமென்றால் இந்நேரம் குறைந்திருக்க வேண்டும். எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன் கெய்லரும் 2016இல் சுமார் 1,60,000 பிள்ளைகளை உள்ளடக்கிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சாதாரணமாகக் கையால் அடிப்பதுகூட அதிக முரட்டுத்தனத்தோடும் மனக்கோளாறுகளோடும்தான் சேர்ந்து வந்தது. நல்ல பலன் எதனோடும் அது சேரவில்லை. அடங்காத பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறது, காரணத்தையும் விளைவையும் நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு, இரண்டும் நடக்கின்றன. ஆனால் ஆரம்ப முரட்டுத்தனத்தைக் கழித்துவிட்டுப் பார்த்த நீண்டகால ஆய்வுகளிலும், தொடர்பு சிறிதானாலும் மறையவில்லை. "அது வெள்ளைக்காரர் கணக்கு, இங்கே அடி பாசத்தில் சேர்த்தி" என்பது அடுத்த மறுப்பு. ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டும் கூட்டாளிகளும் 2005இல் இந்தியா, சீனா, கென்யா, இத்தாலி, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் 336 தாய்களையும் பிள்ளைகளையும் கேட்டார்கள். அடி சகஜமான சமூகத்தில் அதன் கெடுதல் குறைந்தது, இல்லாமல் போகவில்லை. பள்ளிக்கூட விஷயத்தில் விவாதமே இல்லை: கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு, மாணவரை உடலாலும் மனதாலும் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. "அடிச்சு வளருங்க டீச்சர்" என்று அனுமதி கொடுக்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை.

இனி அம்மாவின் தெம்புக்கு வருவோம். பிள்ளை வளர்ப்பு நூல்கள் அம்மாவுக்கு வேலை கொடுப்பதில் காட்டும் அக்கறையை அவர் நிலையில் காட்டுவதில்லை. கோவாவில் விக்ரம் படேலும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் பிரசவமாகி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் 23 சதவீதத் தாய்மார்களுக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமை, கணவனின் அடி, பெண் குழந்தை பிறந்தது என்ற குடும்பத்தின் அதிருப்தி ஆகியவை அதைக் கூட்டின. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் பத்தில் ஏறக்குறைய மூவர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அடிபட்ட தாய், பிள்ளையின் கையைப் பிடித்து "அடிக்கக் கூடாது" என்று சொல்வதில் உள்ள கொடுமையை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அடிப்பவருக்கே சாப்பாடு முதலில் பரிமாறப்படுவதைப் பிள்ளை பார்க்கிறது. ஆகவே இந்த நூல் கணவனுக்கும் மாமியாருக்கும் சொல்கிறது: பிள்ளையின் முரட்டுத்தனத்தைக் குறைக்க நீங்கள் செய்யக்கூடிய முதல் காரியம், தாயின் தூக்கத்தையும் உடம்பையும் காப்பது. அவள் அடிபடுகிறாள் என்றால் அதுவே முதல் சிகிச்சைக்குரிய நோய். சயான் மருத்துவமனையின் முன்னாள் டீன், பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, தாராவியில் குழந்தைகளின் ஊட்டத்துக்கான வேலையோடு பெண்கள்மீதான வன்முறைக்கான ஆலோசனை மையத்தையும் நடத்தியது தற்செயல் அல்ல.

உடம்புக்குள் போகும் அபாயங்களையும் சொல்லிவிட வேண்டும். மொரீஷியஸில் 1970களின் தொடக்கத்தில் இரண்டு ஊர்களின் மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலோர் இந்திய வம்சாவளி. மூன்று வயதில் ஊட்டக்குறைவின் அடையாளங்கள் இருந்த பிள்ளைகள் 8, 11, 17 வயதுகளில் அதிக முரட்டுத்தனம் காட்டினார்கள் என்று 2004இல் வெளியான ஆய்வு சொன்னது. வாயோரப் புண், வெளிறிய முடி, இரத்தசோகை போன்றவைதான் அந்த அடையாளங்கள். முதல் இரண்டையும் எந்த அங்கன்வாடியிலும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஈயம் இன்னொன்று. இரத்தத்தில் ஈயம் ஏறிய பிள்ளைகள் பிற்காலத்தில் அடிதடியிலும் குற்றத்திலும் அதிகம் சிக்குவதை அமெரிக்காவின் சின்சினாட்டி ஆய்வு காட்டியது. நம் பெட்ரோலிலிருந்து ஈயம் 2000இல் போனது. பெயின்டில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்ட் உதிரும் ஜன்னல், பேட்டரி உடைக்கும், உலோகம் உருக்கும் வேலை, சுர்மா மை ஆகியவற்றிலிருந்து தவழும் குழந்தையை விலக்கிவையுங்கள்; அப்படிப்பட்ட வேலைக்குப் போகும் அப்பா, உடை மாற்றிக் கை கழுவிய பிறகு குழந்தையைத் தூக்கட்டும். கர்ப்ப காலப் புகையிலை பற்றி ஒரு எச்சரிக்கையோடு சொல்கிறேன். உடன்பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் புகைக்கும் முரட்டுத்தனத்துக்குமான தொடர்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குடும்பத்தின் வேறு காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் மும்பையில் 1,217 கர்ப்பிணிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பல் துலக்குவதாகச் சொல்லி மிஷ்ரி போன்ற புகையிலைப் பொருட்களைப் பயன்படுத்தியவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. நிறுத்துவதற்கு அது ஒன்றே போதும்.

வறுமையைச் சேர்த்துச் சொல்லும்போது தாராவிக்காரர்கள் கோபப்படுவது நியாயம். அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே சினிமா தாதாக்கள் நினைவுக்கு வருகிற நகரத்தில், 'ஆய்வும் அப்படித்தான் சொல்கிறது' என்று யாரும் எளிதில் ஆரம்பித்துவிடலாம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மான்ட்ரியலின் ஏழைப் பகுதிப் பையன்களிலேயே தீராத முரட்டுத்தனம் நூற்றுக்கு நால்வரிடம்தான் இருந்தது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில் 1,420 பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, 1996இல் அங்கே செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தது. இலாபத்தில் ஒரு பங்கு எல்லாப் பழங்குடிக் குடும்பங்களுக்கும் வந்தது. அதனால் வறுமையிலிருந்து மீண்ட வீட்டுப் பிள்ளைகளின் அடங்காத நடத்தை, ஒருபோதும் ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கியது. ஏன் என்று பார்த்ததில் முக்கியமாகத் தெரிந்தது, பிள்ளைகளைக் கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்தது. ஏழையின் இரத்தத்தில் ஒன்றுமில்லை. அவருடைய நாளில் மிச்சம் இல்லை. அதே காரணத்தால் மாட்டுங்காவின் வசதியான வீட்டிலும், காலை எட்டுக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பும் பெற்றோரும், பிள்ளையைத் திருத்தும் அதிகாரம் இல்லாத வேலைக்காரப் பெண்ணும் இருந்தால், மிச்சம் இல்லாமல் போகலாம். பரம்பரை என்பவர்களுக்கும் இதுவே பதில். இரட்டையர் ஆய்வுகள் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்கின்றன, சந்தேகமில்லை. சீக்கிரம் கொதிக்கும் சுபாவத்தோடு ஒரு பிள்ளை பிறக்கலாம். அதற்கு அடக்கக் கற்றுக்கொடுக்க அதிகத் தடவைகள் வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் பொருள்.

பதினான்கு வயதில் சேர்க்கையால் கெட்டுப்போன பையன்களை எல்லோரும் பார்த்திருக்கிறோமே என்பது கடைசி மறுப்பு. பார்த்திருக்கிறோம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்த ஆய்விலிருந்து டெர்ரி மோஃபிட் 1993இல் இதைப் பிரித்துக் காட்டினார்: விடலைப் பருவத்தில் கும்பலோடு தொடங்கி, வேலை, கல்யாணம் என்று வந்ததும் பெரும்பாலும் விட்டுப்போகும் அடங்காமை ஒரு வகை, சின்ன வயதிலேயே தொடங்கி நிற்கும் சிறுபான்மையினரின் அடங்காமை வேறு வகை. வகுப்பைக் கட் அடிப்பது, குட்கா, சின்னத் திருட்டு ஆகியவற்றைச் சேர்க்கை கற்றுக்கொடுக்கும். கையை நீட்டுவது அதற்கு முன்பே உள்ள கணக்கு. ஆனால் நம் ஏற்பாடுகள் எல்லாம் விடலைக்காகவே அமைந்தவை. டேவிட் சாசூன் சீர்திருத்தப் பள்ளி 1857இலேயே பம்பாயில் வந்துவிட்டது. பம்பாய் குழந்தைகள் சட்டம் 1924இல் வந்தது. இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டி மருத்துவமனையை, இன்று செம்பூரை அடுத்த தியோனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மூலப்பள்ளி 1937இல்தான் திறந்தது. எண்பது வருட இடைவெளி. அந்த வரிசை நம் மனதில் இன்னும் மாறவில்லை: பால்வாடி ஆசிரியை புகார் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறோம், ஒன்பதாம் வகுப்பில் டிசி கொடுக்கும்போது ஓடுகிறோம்.

எப்போது சிரிக்கலாம், எப்போது கவலைப்பட வேண்டும்? மூன்று வயதில் கடிப்பதும் தள்ளுவதும் தினமும் நடந்தாலும், மாதத்துக்கு மாதம் குறைந்தால் கவலை வேண்டாம். ஐந்து வயதுக்கு மேலும் வாரத்தில் பல நாள் அடிதடி, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி இருப்பது, மற்றப் பிள்ளைகளுக்குக் காயம் ஏற்படுவது, பிராணிகளை வேண்டுமென்றே துன்புறுத்துவது, தெரியாமல் இடித்தவனையும் "வேணும்னே இடிச்சான்" என்று நம்புவது, கூட விளையாட யாரும் வராமல் போவது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து ஆறு மாதம் நீடித்தால் காத்திருக்காதீர்கள். பெண் பிள்ளைகளிடம் இது கையால் குறைவாகவும், சேர்க்காமல் ஒதுக்குவது, கதை கட்டுவது என்ற உருவில் அதிகமாகவும் வரும். அதையும் கணக்கில் எடுங்கள். முதலில் காதையும் பேச்சையும் சோதியுங்கள். சரியாகக் கேட்காத, பேச்சு தாமதமான பிள்ளைகள் பலர் முரடர் என்ற பெயரோடு கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் போகும்போது தண்டனை பற்றிப் பேசாமல், இடம் மாற்றுவது பற்றியும் இடைவேளையில் ஒரு பொறுப்பு கொடுப்பது பற்றியும் பேசுங்கள்.

மருத்துவ உதவிக்குச் சயான் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவோ மனநலப் பிரிவோ, பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையோ அருகில் உள்ளவை. டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. பிள்ளை வீட்டில் அடிபடும் ஆபத்தில் இருந்தால் 1098. இந்த எண்ணும் 1996இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமாக மும்பையில் பிறந்ததுதான். போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த நேரம், யாரை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், எவ்வளவு தூங்கினான், பெரியவர்கள் என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது. புறநோயாளிகள் வரிசையில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், "ரொம்ப அடங்காதவன் டாக்டர்" என்பதிலிருந்து அவர் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த நோட்டின் இரண்டு பக்கத்திலிருந்து நிறைய எடுத்துக்கொள்வார். கூடவே, அம்மா எவ்வளவு தூங்குகிறார் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.